கை அசையுமுன் எழும் அலை

(ராஜபாளையத்தில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேசப்போவது கையைப் பற்றி. கை அசையும்போது மூளையில் எழுந்து அடங்கும் மின் அலைகளைப் பற்றி. வாதம் அடித்துக் கை விழுந்துவிட்ட பிறகு அந்த அலைகள் என்ன ஆகின்றன என்பதைப் பற்றி.

கையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வட்டாரம் எது? 1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் சோறு விரல் நுனியிலிருந்துதான் வருகிறது. காயம்பட்ட கையைச் சுற்றுகிற பேண்டேஜ் துணியும் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளிலிருந்துதான் ஊர் ஊராகப் போகிறது. சைடர் வேலை பார்க்கும் பெண்கள் இங்கே இருக்கிறீர்கள். ரிங் பிரேமில் ஓர் இழை அறுகிறது. எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு கதிரை மட்டும் பிடித்து நிறுத்தி, இழை நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சோடு ஒட்டிவிட்டு அடுத்த கதிருக்குப் போய்விடுகிறீர்கள். எவ்வளவு நேரம்? சில விநாடி! அதற்குள் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எத்தனை முறை நெருங்கின, எத்தனை முறை விலகின? செய்த உங்களுக்கே சொல்லத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு மாலை தொடுக்கும் கையைப் பாருங்கள். அந்த மாலை மதுரையில் அழகருக்கும் போகிறது, திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் போகிறது. இடது கை பூவை அடுக்க, வலது கை நாரைச் சுழற்ற, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே வேலை செய்கின்றன. கடாயில் பால் சுண்டச் சுண்ட அடிபிடிக்காமல் கிண்டுகிற பால்கோவாக் கடைக்காரரின் கையைப் பாருங்கள். பால் இறுக இறுகக் கையின் பலம் தானே கூடுகிறது. யார் சொல்லிக் கூடுகிறது?

இந்த அசைவெல்லாம் எங்கே தொடங்குகிறது? விரலிலா, மணிக்கட்டிலா, தோளிலா? அங்கெல்லாம் இல்லை. காதுக்கு மேலே, உச்சந்தலையை நோக்கி ஏறும் இடத்தில், மண்டை ஓட்டுக்கு அடியில், மூளையின் மேற்பரப்பில் ஒரு பட்டை இருக்கிறது. வலது கைக்கு இடப்பக்கப் பட்டை. இடது கைக்கு வலப்பக்கப் பட்டை. அங்கிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை கழுத்துக்கு மேலேயே பக்கம் மாறிக் கீழே இறங்குகின்றன. அதனால்தான் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலது கை விழுகிறது.

அந்தப் பட்டையில் இருக்கும் ஒரு நரம்புச் செல்லின் மின்சாரத்தை வெளியிலிருந்து அளக்க முடியாது. அது அவ்வளவு சிறிது. ஆனால் லட்சக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கினால், அந்தக் கூட்டு அலை எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே வருகிறது. டார்ச் லைட்டில் போடும் ஒரு செல் ஒன்றரை வோல்ட். ஒரே ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போடுங்கள். அதில் 10 கூறிலிருந்து 100 கூறு வரைதான் தலையின் தோலுக்கு வந்து சேருகிறது. அதைப் பெருக்கிக் கோடாக வரைவதுதான் இ.இ.ஜி. வலிப்பு நோய்க்காக உங்களில் சிலர் எடுத்திருப்பீர்கள். தலை முழுக்கப் பசை தடவி வயர் ஒட்டுவார்களே, அதேதான். அந்த வயர் வழியே மூளைக்குள் கரண்ட் எதுவும் போவதில்லை. வருவதை மட்டும் கேட்டுக்கொள்கிற கருவி அது. ஷாக் வைக்கிறார்கள் என்று பயந்து ஓடியவர்கள் உண்டு. பயப்பட ஒன்றுமே இல்லை.

மனிதனிடம் இதை முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர். இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பின்னால் வந்த பீரங்கி வண்டிச் சக்கரத்தில் அகப்படாமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி வருகிறது, நலமாக இருக்கிறாயா என்று. ஊரில் இருந்த சகோதரிக்கு ஏனோ மனம் பதறியிருக்கிறது. தந்தையை நச்சரித்துத் தந்தி கொடுக்கச் செய்திருக்கிறாள். மனத்திலிருந்து மனத்துக்கு ஏதோ ஒரு சக்தி பாய்ந்திருக்க வேண்டும் என்று பெர்கர் நம்பினார். அதைத் தேடியே மூளைக்கு வந்தார். தேடியது கிடைக்கவில்லை. 1924-ல் வேறொன்று கிடைத்தது: கண்ணை மூடிச் சும்மா இருக்கும் மனிதனின் தலையிலிருந்து விநாடிக்குப் பத்து முறை ஏறி இறங்கும் ஓர் அலை. கண்ணைத் திறந்தால் அது மறைந்தது! ஐந்து ஆண்டுகள் வெளியே சொல்லாமல், சொந்த மகனின் தலையில் உட்பட, திரும்பத் திரும்பச் சரிபார்த்து, 1929-ல் எழுதினார். உலகம் உடனே நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் மேத்யூஸும் செய்துகாட்டிய பிறகுதான் நம்பியது.

சரி, கண்ணைத் திறந்தால் ஓர் அலை மறைகிறது. கையை அசைத்தால்?

1964-ல் ஃபிரைபுர்க் நகரத்தில் கோர்ன்ஹூபர் என்ற மருத்துவரும் டீக்கே என்ற அவருடைய மாணவரும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஆளை உட்கார வைத்து, “உங்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது விரலை அசையுங்கள்” என்று விட்டுவிட்டார்கள். அதில்தான் சிக்கல். எப்போது அசைப்பார் என்று யாருக்கும் தெரியாதபோது, அசைவதற்கு முந்திய கணத்தை எப்படிப் பிடிப்பது? அவர்கள் செய்ததைக் கேளுங்கள். எல்லாவற்றையும் காந்த நாடாவில் பதிவு செய்து, நாடாவைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டினார்கள்! விரல் அசைந்த கணத்திலிருந்து காலம் பின்னோக்கி நடந்தது. நூற்றுக்கணக்கான அசைவுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தார்கள். விரல் அசைவதற்கு ஒரு விநாடிக்கும் மேலாக முன்பே மூளையில் ஒரு மெல்லிய சரிவு தொடங்கியிருந்தது. விரல் இன்னும் அசையவில்லை, அலை அசைந்துவிட்டது. என் பேச்சில் இதை மட்டும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். விரல் அசையவில்லை, அலை அசைந்துவிட்டது.

அடுத்த செய்தி இன்னும் வியப்பானது. கை சும்மா இருக்கும்போது, கைக்கான அந்தப் பட்டையின் மேல் விநாடிக்கு 8 முதல் 13 முறை அடிக்கும் ஓர் அலை இருக்கிறது. அதை 1950-களின் தொடக்கத்தில் பிரான்சின் மார்செய் நகரத்தில் ஹென்றி காஸ்டோ விரிவாக எழுதினார். வளைவு வளைவாகத் தெரியும் அலை. அறிவியலார் அதை மியூ அலை என்கிறார்கள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் அதற்குக் கவலையில்லை. கையை மடக்கினால் போய்விடுகிறது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லர் 1970-களிலிருந்து இதை அளந்தார். வலது கையை அசைக்கப் போகிறவருக்கு, அசைவுக்குச் சுமார் இரண்டு விநாடி முன்பே இடப்பக்கத்தில் இந்த அலை சுருங்கத் தொடங்குகிறது. பீட்டா எனப்படும், விநாடிக்கு 13 முதல் 30 வரை அடிக்கும் வேகமான அலையும் கூடவே சுருங்குகிறது. கை வேலையை முடித்து நின்றதும், ஒரு விநாடிக்குள் பீட்டா அலை பழைய அளவையும் தாண்டி எழும்பி, பிறகு அமைதியாகிறது.

வேலை செய்யும்போது அலை பெருகத்தானே வேண்டும், ஏன் சுருங்குகிறது என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் பஜனைக் கோஷ்டி வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் ஒரே தாளத்தில் ஜால்ரா தட்டுகிறார்கள். நாலு தெரு தள்ளிப் படுத்திருப்பவருக்கும் கேட்கிறது. கோஷ்டி கோயிலுக்குள் போனதும் தாளம் நிற்கிறது. ஒருவர் பூக்கூடையை எடுக்கிறார், ஒருவர் விளக்குக்கு நெய் வார்க்கிறார், ஒருவர் பிரசாதம் பிரிக்கிறார். இப்போதுதான் வேலை கூடியிருக்கிறது. ஆனால் தெருவில் நிற்பவருக்கு ஓசை இல்லை. மூளைச் செல்களும் அப்படித்தான். சும்மா இருக்கையில் ஒரே தாளம்; பெரிய அலை. வேலை வந்ததும் ஒவ்வொரு கூட்டமும் தன் தன் வேலைக்குப் பிரிந்துவிடுகிறது, அலை சுருங்குகிறது. ஆகவே அந்தப் பட்டையின் மேல் அலை சுருங்கினால், உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

காஸ்டோ இன்னொன்றும் பார்த்தார். 1954-ல் அவரும் பெர்ட் என்பவரும் சிலரை உட்கார வைத்துச் சினிமா போட்டுக் காட்டினார்கள். திரையில் குத்துச்சண்டை. பார்த்தவர்கள் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் சண்டைக்காரனோடு மனம் ஒன்றியதும் அவர்களுடைய மியூ அலை சுருங்கியது! நம் ஊர்க் கொட்டகையில் கதாநாயகன் கையை ஓங்கும்போது முன்வரிசைக்காரரின் கைப் பட்டையில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். பார்த்தாலும் அலை அசைகிறது. அசைப்பதாக மனத்தில் நினைத்தாலும் அசைகிறது. இதற்கெல்லாம் முன்பே, 1949-ல், கனடாவின் மாண்ட்ரியலில் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் வைல்டர் பென்ஃபீல்டும், அறுவை சிகிச்சைக்காகத் திறந்த மூளையின் மேலேயே மின்முனையை வைத்து, கையை அசைக்கத் தயாராகும்போதே பீட்டா அலை அடங்குவதைக் கண்டிருந்தார்கள். அந்தப் பென்ஃபீல்டிடம் பயின்ற ஒருவர் அதே 1949-ல் நம் மாநிலத்துக்கு வந்தார். ஜேக்கப் சாண்டி. வேலூர் சி.எம்.சி.யில் அவர் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை. மூளை ஆராய்ச்சி எங்கோ வெள்ளைக்காரர் ஊர்ச் சமாச்சாரம் என்று யாராவது சொன்னால், வேலூரைச் சொல்லுங்கள்.

நண்பர்களே, இனி வலிக்கிற பகுதிக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் சைடர் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு, ஐம்பது வயது என்று வைத்துக்கொள்ளுங்கள், காப்பித் தம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. பேச்சு குழறுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது. சிலருக்குக் குழாயே வெடித்துவிடும். என்ன நடக்கிறது உள்ளே? நல்ல நிலையில் நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி ரத்தம் போகிறது. அது பாதியாகக் குறையும்போது வேகமான அலைகள் மங்கி, விநாடிக்கு நாலு முறைக்கும் குறைவான, மந்தமான பெரிய அலைகள் தலைதூக்குகின்றன. இன்னும் குறைந்து 15, 18 மில்லி அளவுக்கு வந்தால் அலையே தட்டையாகிவிடுகிறது. செல் சாவது அதற்கும் கீழே, பத்து மில்லிப் பக்கம் போகும்போது. இந்த இடைவெளியைக் கவனியுங்கள்! அலை நின்ற இடத்துக்கும் உயிர் போகிற இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே உள்ள செல்கள் பேசவில்லை, வேலை செய்யவில்லை, ஆனால் சாகவில்லை. ரத்தத்துக்காகக் காத்திருக்கின்றன. கழுத்து ரத்தக்குழாயில் அறுவை செய்யும்போது சில மருத்துவர்கள் இ.இ.ஜி.யை ஓடவிட்டுக்கொண்டே செய்வது இதனால்தான். அலை மந்தமானால் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அந்தக் கணமே தெரிந்துவிடும்.

அந்தச் செல்கள் எத்தனை நேரம் காத்திருக்கும்? பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குள் போட்டாலும், அரை மணி முந்தினவருக்குக் கிடைக்கும் பலன் பிந்தினவருக்குக் கிடைக்காது. ஸ்கேன் பார்த்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்யாமல் அந்த ஊசியைப் போடவும் முடியாது. இங்கிருந்து மதுரை எண்பது கிலோமீட்டருக்கு மேல். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் ஸ்கேனும் ஊசியும் உண்டு என்பதை வாதம் வந்த பிறகு விசாரிக்காதீர்கள். இந்த வாரமே விசாரித்துக் குறித்து வையுங்கள். வாய் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால், 108-ஐ அழையுங்கள். கையில் சூடு பறக்கத் தேய்த்துப் பார்த்து ஒரு மணி, சாமியாடியிடம் காட்டி ஒரு மணி, புறா ரத்தம் பூசி ஒரு நாள் என்று போக்கிவிட்டு வருகிறார்கள். புறா ரத்தத்தால் எந்தக் குழாய் அடைப்பும் திறக்காது. போன நேரத்தை எந்த மருத்துவரும் திருப்பித் தர முடியாது. இதைக் கைகூப்பிச் சொல்கிறேன்.

சரி, அந்தப் பெண் உயிர் பிழைத்தார். வீட்டுக்கு வந்தார். வலது கை மடியில் கிடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? “கை விழுந்துருச்சு, இனிமே அவ்வளவுதான்.” மகள் சோறு ஊட்டுகிறாள். மருமகள் தலை வாரிவிடுகிறாள். அன்போடு செய்கிறார்கள், குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த அம்மாவின் தலையில் இ.இ.ஜி. வயரை ஒட்டி, “அம்மா, வலது கையை விரிக்கப் பாருங்கள்” என்று கேட்டால் என்ன தெரியும்?

அடிபட்ட பக்கத்தில் மியூ அலை சுருங்குவது வாதம் வராதவர்களுக்கு இருப்பதைவிடக் குறைந்திருக்கும். அசைவுக்குப் பின் எழும்பும் பீட்டாவும் தாழ்ந்திருக்கும். அடிபடாத பக்கம் தன்னுடையதல்லாத வேலைக்கும் ஓடிவந்து நிற்கும். ஆனால் பலருக்கு, கை ஓர் இம்மிகூட அசையாத பலருக்கு, முயலும் கணத்தில் அடிபட்ட பக்கத்திலேயே அலை சுருங்குகிறது. கை அசையவில்லை, அலை அசைந்தது! அந்த அம்மா சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை. உள்ளே முயன்றுகொண்டிருக்கிறார். முயற்சி கிளம்புகிறது, கைக்குப் போகும் பாதை அறுந்திருப்பதால் வழியிலேயே நின்றுவிடுகிறது. கை அசைந்ததா என்ற பதிலும் திரும்பி வருவதில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராத மூளை, நாளடைவில் கேட்பதையே விட்டுவிடுகிறது.

அந்த முயற்சிக்கு வெளியிலிருந்து ஒரு பதில் கொடுத்தால்? ஜெர்மனியின் ட்யூபிங்கனில் ராமோஸ்-முர்கியால்டே, நீல்ஸ் பிர்பாமர் முதலியோர் செய்து 2013-ல் வெளியிட்ட சோதனை இது. வாதம் வந்து மாதக்கணக்கு, ஆண்டுக்கணக்கு ஆகியும் விரலை விரிக்க முடியாத 32 பேர். எல்லோருக்கும் தலையில் இ.இ.ஜி.; கையிலும் விரலிலும் அவற்றை அசைத்துவிடும் ஒரு கருவி. பாதிப்பேருக்கு, அவர்கள் முயன்று அலை சுருங்கிய கணத்தில் கருவி விரலை விரித்தது. மீதிப்பேருக்குக் கருவி அலையைக் கேட்காமல் தன்பாட்டுக்கு அசைத்தது. யார் எந்தப் பிரிவு என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரு பிரிவுக்கும் ஒரே பிசியோதெரபி. அசைவு இருவருக்கும் கிடைத்தது. அலையோடு சேர்ந்து வந்த அசைவு ஒரு பிரிவுக்கு மட்டும். அந்தப் பிரிவில்தான் கை முன்னேறியது. எவ்வளவு? கையின் திறனை அளக்கும் அளவுகோலில் சராசரியாக 3.4 புள்ளி. கூட்டிச் சொல்ல மாட்டேன், சிறிய முன்னேற்றம்தான். பூத் தொடுக்கும் கை அதில் திரும்பிவிடவில்லை. ஆனால் எந்த வேறுபாட்டால் அது வந்தது? நேரப் பொருத்தத்தால்! நினைத்த கணத்திலேயே கை அசைந்ததால். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருக்கையில் கையை மடக்கி நீட்டிவிடுகிறாள் அல்லவா, மூட்டு இறுகாமல் இருக்க அது தேவை, நிறுத்தாதீர்கள். ஆனால் அம்மாவும் அதே கணத்தில் கையைப் பார்த்து, விரி என்று மனத்தால் முயல வேண்டும். “இப்போ விரிங்கம்மா” என்று சொல்லி, ஒரு விநாடி காத்திருந்து, பிறகு விரித்துவிடுங்கள்.

இந்தியாவில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஆஷிஷ் தத்தா, அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் கிரிஜேஷ் பிரசாத் இருவரின் குழுக்கள் சேர்ந்து, மூளை அலையைக் கேட்டு விரல்களை அசைக்கும் கைக்கவசம் ஒன்றைச் செய்து, வாதம் வந்தவர்களிடம் சிறிய அளவில் சோதித்திருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து கைப் பயிற்சிக்கான சிறிய ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. அமெரிக்காவில், அடிபடாத பக்கத்து அலையைக் கேட்டு விழுந்த கையை அசைக்கும் ஒரு கருவிக்கு 2021-ல் அரசு அனுமதியே கிடைத்துவிட்டது.

கருவி வரும்வரை என்ன செய்வது என்றால், ஒரு கண்ணாடி போதும். முகம் பார்க்கும் கண்ணாடிதான். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் தமிழ்நாட்டுக்காரர் வி. எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டவர்களின் வலிக்காக 1990-களில் கண்ட வழி இது. 1999-ல் அவரும் அவருடைய தோழர்களும் இதை வாதக்காரர் ஒன்பது பேரிடம் செய்து பார்த்து எழுதினார்கள். மேசை மேல் இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, விழுந்த கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் வைத்து அசைக்க வேண்டும். கண் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். விழுந்த கையே அசைவதுபோல் தெரியும். திரையில் சண்டை பார்த்தவரின் அலை சுருங்கியதே, நினைவிருக்கிறதா? பிறகு உலகெங்கும் நடந்த அறுபதுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சையோடு கண்ணாடிப் பயிற்சியைச் சேர்த்தால் கை அசைவு ஓரளவு மேம்படுகிறது என்று தெரிந்தது. 

விரல் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்கு இன்னொரு வழி. அமெரிக்காவின் எட்வர்ட் டாப், விழுந்த கையைப் பயன்படுத்தாமல் விடுவதே ஒரு பழக்கமாகிவிடுகிறது என்று குரங்குகளிடம் கண்டவர். நல்ல கையைக் கட்டிப்போட்டார். விழுந்த கை வேலைக்கு வந்தது. 2006-ல் வெளியான ஆய்வில், வாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் கலந்துகொண்டார்கள். பயிற்சிப் பிரிவில் இருந்தவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு மோசமான கையாலேயே வேலை செய்து பழகினார்கள். அவர்களின் முன்னேற்றம் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது. இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு செய்யுங்கள். வாதம் வந்த முதல் 24 மணி நேரத்தில் ஆர்வக்கோளாறில் எழுப்பி எழுப்பி நடக்க வைக்காதீர்கள். ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு, அது நன்மையைவிடத் தீமைக்கே இடம் கொடுத்தது என்று காட்டியிருக்கிறது.

“அப்படியானால் வீட்டார் கற்றுக்கொண்டு செய்தால் போதுமே, ஆஸ்பத்திரி எதற்கு?” இதை அரசு அதிகாரிகளும் கேட்கிறார்கள். நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. ஒரு பிரிவில் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே செய்யச் சொன்னார்கள். மறுபிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் கையை நம்பி வாழ்கிறவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு. வித்தியாசமே இல்லை! இந்த முடிவை நான் மூடி மறைக்க மாட்டேன். உங்கள் அன்பு வீண் என்று அதற்குப் பொருள் இல்லை. நான் அதில் படிப்பது இதைத்தான்: பாரத்தை மகள், மருமகள் தலையில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள முடியாது. நாளுக்கு எத்தனை முறை, எந்த விரல், எந்தக் கோணம், எப்போது கூட்டுவது என்று பார்த்துச் சொல்லப் படித்த ஒருவர், வாரம் தவறாமல் கூடவே இருந்தாக வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை அனுப்புகிற திட்டம். நல்ல திட்டம். நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் மூளை கற்றுக்கொள்ளாது. எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார்கள், எத்தனை நேரம் இருக்கிறார்கள் என்று உங்கள் வார்டில் கேளுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளில் வாதக்காரருக்கென்று தனி நேரம், போதிய பிசியோதெரபிஸ்டுகள் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஆலை வாசலில் தொழிற்சங்கம் வைக்கும் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கு அடுத்த வரியாக இதையும் சேருங்கள். நூல் நூற்றுத் தேய்ந்த விரல்களுக்கு அந்த உரிமை இல்லையா?

பொறியியல் மாணவர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் இருக்கிறது, இங்கே ராம்கோ கல்லூரி இருக்கிறது. பெருக்கியையும் மின்முனையையும் வைத்து அலையைக் கேட்கும் கருவியை ஒரு மாணவர் குழு செய்துவிட முடியும். கஷ்டம் வேறு இடத்தில் வரும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் மூளை அலையை முழுங்கிவிடும். கண்ணிமைத்தால் கோடு மலைபோல் எழும்பும். சுவர் வயரிலிருந்து நம் ஊர்க் கரண்டின், விநாடிக்கு 50 முறை அடிக்கும் தாளம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மே மாத வியர்வையில் மின்முனை வழுக்கும். ஒவ்வொருவர் மூளையும் ஒரு விதம். நேற்று பிடித்த அலையை இன்று பிடிக்க முடியாது. எல்லாம் தாண்டி, அலை சுருங்கியதற்கும் விரல் விரிவதற்கும் நடுவே ஒரு விநாடிக்கு மேல் தாமதம் வரக் கூடாது. இது போட்டிக்குக் கொண்டுபோய்ப் பரிசு வாங்கித் தூக்கிப்போடுகிற ப்ராஜெக்ட் அல்ல. மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் இருவரையும் கூட வைத்துக்கொண்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, நோயாளியின் சம்மதத்தோடு செய்ய வேண்டிய வேலை. செய்வீர்களா?

கேள்வி நேரத்துக்கு வருவோம். வீட்டில் வாதக்காரரைக் கவனித்துக்கொள்கிறவர்கள் முதலில் கேளுங்கள். எந்தக் கை, எத்தனை மாதம் ஆகிறது, விரல் கொஞ்சமாவது மடங்குகிறதா, தோளில் வலி உண்டா என்று சேர்த்துச் சொன்னால் பதில் சொல்ல வசதியாக இருக்கும். பின்வரிசையில் ஓர் அம்மா கை தூக்குகிறார்கள்; மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.